தேங்காய் பறிக்கப் போன பிலிப் ஆஷ்டன்

ராபின்சன் குரூசோவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லியும் இருப்பீர்கள். அது கற்பனை. அந்த நாவல் வந்த 3 ஆண்டுகளில், நிஜமாகவே அப்படியொரு நிலையை நோக்கித் தள்ளப்பட்டவர் பிலிப் ஆஷ்டன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பகுதியின் மார்பிள்ஹெட் என்ற ஊரைச் சேர்ந்த இளம் மீனவர்.

1722 ஜூனில், இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா கரையோரம் எட்வர்ட் லோ என்ற கடற்கொள்ளையனிடம் சிக்கினார். பிடிபட்டவர்களில் யாருக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது என்று லோ கேட்டான். எந்தப் பதில் உயிரைக் காக்கும் என்று தெரியாமல் எல்லோரும் வாயடைத்து நின்றார்கள். தலையில் துப்பாக்கி பதிந்ததும் ஆஷ்டன் ஆகவில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டார். மனைவியை இழந்து, குழந்தையை ஊரில் விட்டு வந்த லோ, குடும்பஸ்தர்களைத் தன் கூட்டத்தில் சேர்ப்பதில்லை. கொலைக்கு அஞ்சாதவனுக்கு இப்படியும் ஒரு கொள்கை!

கொள்ளையரின் உடன்படிக்கையில் கையெழுத்திடச் சொல்லி அடித்தார்கள், மிரட்டினார்கள். ஆஷ்டன் கடைசிவரை மறுத்தார். கையெழுத்திட்டால் கொள்ளையில் பங்கு உண்டு. பிடிபட்டால் தூக்குக் கயிறும் உண்டு.

1723 மார்ச்சில் கப்பல் ஹோண்டுராஸ் அருகே ரோட்டான் தீவுக்கு வந்தது. தண்ணீர் பிடிக்கப் போன படகில் தானும் வருவதாகக் கேட்டு ஏறிக்கொண்டார். பீப்பாய்களை இறக்க உதவிவிட்டு, கரையோரமாக மெல்ல நடந்தார். எங்கே என்று கேட்டதற்குத் தேங்காய் பறிக்க என்றார். மறைவு கிடைத்ததும் காட்டுக்குள் ஓட்டம்.

தப்பியாயிற்று, ஆனால் கையில் கத்தி இல்லை, காலில் செருப்பு இல்லை, நெருப்பு மூட்ட வழியும் இல்லை. நம் வீட்டில் அரை நாள் கேஸ் தீர்ந்தாலே என்ன பாடு படுகிறோம்! தீவில் மானும் பன்றியும் திரிந்தன, பிடிக்க முடியவில்லை. பழங்களும், மணலைக் குச்சியால் குத்தித் தேடிய ஆமை முட்டைகளும்தான் உணவு. முட்டையையும் பச்சையாகவே விழுங்கினார். பூச்சிக்கடி தாங்காமல், மூங்கிலை மார்பின் கீழ் வைத்து நீந்தி, காற்றோட்டமான சிறு திட்டு ஒன்றுக்குப் போய் வந்தார்.

சுமார் 9 மாதம் கழித்து ஒரு முதியவர் சிறு படகில் வந்து சேர்ந்தார். மூன்றாம் நாள் வேட்டைக்குப் போன அவர், புயலுக்குப் பின் திரும்பவேயில்லை. அவர் விட்டுப்போன கத்தியும் சிக்கிமுக்கிக் கல்லும் பன்றி இறைச்சியும்தான் ஆஷ்டனைப் பிழைக்க வைத்தன. நெருப்பு கிடைத்த அந்த நாளை நினைத்துப் பாருங்கள். துணைக்கு வந்தவரை இழந்த துக்கமும் அதோடு சேர்ந்தே வந்தது.

1724 ஜூனில் வேறு சிலர் வந்து அவருக்கு உடையும் உணவும் தந்தார்கள். அதன் பிறகும் கொள்ளையர் ஒருமுறை தாக்கினார்கள்; மறுபடியும் காட்டுக்குள் ஒளிந்து தப்பினார். கடைசியில் பக்கத்துத் தீவு ஒன்றுக்குத் தண்ணீர் தேடி வந்த கப்பல்தான் அவரை மீட்டது. அது மார்பிள்ஹெட்டுக்குப் பக்கத்து ஊரான சேலத்தின் கப்பல். ஆள் குறைவாக இருந்ததால் கேப்டன் அவரைச் சம்பளத்துக்கே சேர்த்துக்கொண்டார்.

1725 மே 1 அன்று, செத்துப் பிழைத்தவரைப் போல வீட்டார் அவரை வரவேற்றார்கள். அவர் சொல்லக் கேட்டு ஊர்ப் பாதிரியார் ஜான் பர்னார்ட் எழுதிய புத்தகம் அதே ஆண்டு பாஸ்டனில் அச்சேறியது.