ஜீப்புக்கு டீசல் இன்ஜின் மாற்றப் போகிறீர்களா? கலங்கல் ஜி.டி.நாயுடுவின் கதையைத் தெரிந்துகொண்டு ஸ்பேனரை எடுங்கள்

உங்கள் தோட்டத்துச் சாளையில் பழைய பெட்ரோல் ஜீப் ஒன்று நிற்கிறதா? தீவனம் ஏற்ற, உர மூட்டை கொண்டுவர, மழைக்காலத்தில் சேற்று வண்டித்தடத்தில் போக அதைப் போல வண்டி வராது. ஆனால் பெட்ரோல் செலவு கட்டுபடியாகவில்லை. பழைய டீசல் இன்ஜின் ஒன்றை வாங்கி வீட்டிலேயே மாட்டிவிடலாம் என்று யோசிக்கிறீர்கள். யோசனையில் தவறில்லை. தயாரிப்பு இல்லாமல் இறங்குவதுதான் தவறு.

சோமனூர் பக்கம் களப்பணிக்குப் போனபோது ஒரு தோட்டத்தில் இப்படி ஒரு ஜீப்பைப் பார்த்தேன். பழைய இன்ஜினை ஒரே நாளில் கழற்றி, அடுத்த வாரமே பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டுவிட்டார்கள். வாங்கி வந்த டீசல் இன்ஜினை இறக்கினால் அடியில் ஆயில் சம்ப் முன் ஆக்சிலில் இடித்தது, மேலே பானெட் மூடவில்லை. இரண்டு பட்டம் கடந்தும் வண்டி அங்கேயே நின்றது. அதில் ஆட்டைக் கட்டியிருந்தார்கள். போட்ட பணமும் போனது, ஓடிக்கொண்டிருந்த வண்டியும் போனது.

அந்தத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது எனக்கு ஜி.டி.நாயுடுவின் நினைவுதான் வந்தது. சூலூர் பக்கத்துக் கலங்கல் கிராமத்துக்காரர். நம் மண்ணில் இயந்திரத்தைக் கையால் தொட்டுக் கற்றவர்களில் அவருக்கு இணையாகச் சொல்ல ஆள் குறைவு. அவர் வாழ்க்கையைப் பார்த்தால் இந்த வேலைக்கு எப்படித் தயாராக வேண்டும் என்பது தெரியும்.

கழற்றிப் பார்த்துக் கற்றவர்

கோபால்சாமி துரைசாமி நாயுடு பிறந்தது 1893 மார்ச் 23. விவசாயக் குடும்பம். பள்ளிப் படிப்பில் மனம் ஒட்டவில்லை, சில வகுப்புகளோடு நின்றுவிட்டது. தோட்ட வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞர், ஒருநாள் ஆங்கிலேய வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி ஓடியது அவரைப் பிடித்துக்கொண்டது.

அந்த வண்டியை வாங்க வேண்டும் என்பதற்காகக் கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வராக வேலை பார்த்தார். சில ஆண்டுகள் கூலியைச் சேர்த்து, அந்த அதிகாரியிடமிருந்தே அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றப் போகவில்லை. அக்கு அக்காகக் கழற்றினார், திரும்பப் பூட்டினார். எந்தப் பாகம் எதற்கு என்று கைக்குப் பழகும்வரை இதைச் செய்தார். மெக்கானிக் ஆனது அப்படித்தான்.

இதில் நமக்கு முதல் பாடம் இருக்கிறது. புது இன்ஜினைத் தேடுவதற்கு முன் உங்கள் பழைய வண்டியைத் தெரிந்துகொள்ளுங்கள். வண்டி ஓடும் நிலையில் இருக்கும்போதே அளவுகளை எடுத்து நோட்டில் எழுதுங்கள்.

• ரேடியேட்டரிலிருந்து உள் தகரச் சுவர்வரை நீளம் எவ்வளவு? சேசிலிருந்து பானெட்வரை உயரம் எவ்வளவு?
• ஆயில் சம்புக்கும் முன் ஆக்சிலுக்கும் இடைவெளி எவ்வளவு? வண்டி பள்ளத்தில் இறங்கும்போது ஆக்சில் மேலே ஏறும் என்பதால் அதற்கும் இடம் விட்டுக் கணக்குப் போடுங்கள்.
• இன்ஜின் மவுண்டிங் சேசில் எங்கே உட்கார்ந்திருக்கிறது? ஸ்டீயரிங் கம்பி, சைலன்சர் குழாய் எந்தப் பக்கம் போகின்றன?

கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் படம் எடுங்கள். வயர் ஒவ்வொன்றிலும் துண்டுச் சீட்டு ஒட்டுங்கள். நட்டு போல்ட்டுகளை ஒரே சட்டியில் கொட்டாமல், பாகத்துக்கு ஒரு டப்பா வைத்துப் பெயர் எழுதுங்கள். புதியது ஓடி நம்பிக்கை வரும்வரை பழைய இன்ஜினை விற்காதீர்கள்.

பம்பாயில் பட்ட அடி

நாயுடு பஞ்சுத் தொழிலிலும் இறங்கினார். முதல் உலகப் போர்க் காலத்தில் திருப்பூரில் நன்றாகச் சம்பாதித்தார். அந்தத் துணிவில் பம்பாய்க்குப் போய்ப் பருத்தி வியாபாரம் செய்து, கைப்பொருளை இழந்து திரும்பினார். திருப்பூர்ப் பஞ்சு அவருக்குத் தெரியும், பம்பாய்ச் சந்தை தெரியாது.

இன்ஜின் வாங்கும்போதும் இதே இடத்தில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். விலை குறைவு என்று பழைய சாமான் கடையில் தரையில் கிடக்கும் இன்ஜினை வாங்காதீர்கள். ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். சூடாகாத நிலையில் எளிதாகப் பிடிக்கிறதா, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா, ஆயில் பிரஷர் நிற்கிறதா என்று பாருங்கள். மூடி வழியே அதிகப் புகை வந்தால் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கலாம்.

இன்னொன்று, தெரிந்த ஜோடியைத் தேர்ந்தெடுங்கள். மகிந்திரா ஜீப்பில் முன்பு பெட்ரோல் இன்ஜின் வந்தது. பின்னாளில் எம்.எம். 540 போன்ற வண்டிகளில் பூஜோ டீசல் இன்ஜினைக் கம்பெனியே பொருத்தி விற்றது. இப்படிக் கம்பெனியே போட்ட ஜோடியாக இருந்தால் மவுண்டிங், கியர் பாக்ஸ், உதிரி பாகம் எல்லாம் கிடைப்பது எளிது. கிணற்றடி இன்ஜினையோ டிராக்டர் இன்ஜினையோ ஜீப்பில் ஏற்றினால், அதன் குறைந்த சுழற்சி வேகத்துக்கு ஜீப்பின் கியர் விகிதம் ஒத்துவராது. வண்டி இழுக்கும், ஆனால் சாலையில் வேகம் போகாது.

ஒரு பஸ்ஸில் தொடங்கியவர்

பம்பாய் நஷ்டத்துக்குப் பிறகு கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸின் உதவியோடு 1920-இல் ஒரு பஸ் வாங்கினார் நாயுடு. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவரே ஓட்டினார். அந்த ஒரு பஸ்தான் யு.எம்.எஸ். என்ற யுனிவர்சல் மோட்டார் சர்வீசாக வளர்ந்து, நாட்டிலேயே சிறந்த போக்குவரத்து நிறுவனங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது. ஓட்டுநராகவும் மெக்கானிக்காகவும் இருந்தவர் முதலாளியானதால், வண்டியின் ஒரு பாகம் மாறினால் மற்ற பாகங்களுக்கு என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

டீசல் இன்ஜின் மாற்றுவதும் ஒரு பாகத்தை மட்டும் மாற்றுகிற வேலை இல்லை. கீழே உள்ளவற்றுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

• டீசல் இன்ஜின் எடை அதிகம். முன் பிளேட் செட் தாங்குமா, பிரேக் போதுமா என்று பாருங்கள்.
• குறைந்த சுழற்சியிலேயே இழுவை அதிகம் என்பதால் கிளட்ச், கியர் பாக்ஸ், பின் ஆக்சில் மூன்றும் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும்.
• ஸ்டார்ட் செய்யக் கூடுதல் சக்தி வேண்டும். பெரிய பேட்டரி, தடித்த கேபிள் போடுங்கள்.
• பெட்ரோல் டேங்கைக் கழற்றிச் சுத்தமாகக் கழுவிக் காயவிடுங்கள். டீசல் திரும்பி வரும் குழாய், தண்ணீர் பிரிக்கும் பில்டர் இரண்டும் வேண்டும்.
• பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியானால் தனி வேக்குவம் பம்ப் கட்டாயம். பெட்ரோல் இன்ஜின் தானாகத் தரும் வேக்குவம் டீசலில் கிடைக்காது. இதை மறந்தால் பிரேக் கல்லாகிவிடும்.
• பழைய பம்ப் உள்ள டீசல் இன்ஜின் சாவியைத் திருப்பினால் மட்டும் நிற்காது. டீசலை நிறுத்தும் ஸ்டாப் கேபிளை முதலில் பொருத்திச் சோதியுங்கள்.

மோட்டார் பிறந்த கதை

1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் வந்தபின் கோவை வட்டாரத்துக்கு மின்சாரம் கிடைத்தது. ஆனால் மோட்டார் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். 1937-இல் டி.பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி.நாயுடுவும் சேர்ந்து, இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டாரை உருவாக்கினார்கள். இன்று உங்கள் கிணற்றில் ஓடும் பம்புசெட்டுக்கும் சோமனூர் விசைத்தறிக்கும் கோவை மோட்டார் வந்த வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது.

அவ்வளவு தெரிந்தவரே அதைத் தனியாகச் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். நீங்களும் எல்லாவற்றையும் வீட்டில் செய்ய நினைக்காதீர்கள். இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் அடாப்டர் பிளேட்டை நல்ல லேத் பட்டறையில்தான் செய்ய வேண்டும். இரண்டு தண்டுகளின் மையமும் ஒன்றாக இருக்க வேண்டும். மயிரிழை விலகினாலும் பேரிங்கும் கிளட்சும் சீக்கிரமே போய்விடும். வெல்டிங் வைத்துச் சமாளிக்கும் இடம் இது இல்லை.

வேலை செய்யும் இடத்தையும் யோசியுங்கள். நம் பகுதியில் பலர் வீட்டோடு தறிக் கூடம் வைத்திருக்கிறீர்கள். பஞ்சுத் தூசி படிந்த இடத்தில் பெட்ரோல் வடிப்பதோ வெல்டிங் வைப்பதோ கூடவே கூடாது. ஒரு பொறி போதும். திறந்த களத்தில் செய்யுங்கள். பெட்ரோலை முதலில் வடித்துத் தூரமாக வையுங்கள், பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். இன்ஜினைத் தூக்க ஓட்டு வீட்டு உத்திரத்தில் செயின் பிளாக் மாட்டாதீர்கள், எடை தாங்கும் இரும்பு முக்காலியை வாடகைக்கு எடுங்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். தொங்கும் இன்ஜின் அருகே குழந்தைகளை விடாதீர்கள்.

முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது காற்று உறிஞ்சும் குழாயை மூடும் அளவுக்கு ஒரு தட்டையான பலகையைக் கையருகே வைத்திருங்கள். இன்ஜின் கட்டுக்கடங்காமல் வேகமெடுத்தால் காற்றை அடைத்தால்தான் நிற்கும். கையால் அடைக்காதீர்கள்.

அனுமதி இல்லாமல் நின்ற கார்

நாயுடு 1945-இல் நன்கொடை அளித்துக் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழிற்கல்வி நிலையங்களைத் தொடங்கக் காரணமாக இருந்தார். அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பட்டறையில் கையால் கற்றால் நான்கு ஆண்டுப் படிப்பு தேவையில்லை, இரண்டு ஆண்டு போதும் என்பது அவர் கருத்து. அதை அரசு ஏற்கவில்லை, அவர் பொறுப்பிலிருந்து விலகினார். சவரக் கத்தி, ரேடியோ, பழச்சாறு பிழியும் கருவி, வாக்குப்பதிவு இயந்திரம் என்று பலவற்றை உருவாக்கினார். தோட்டத்தில் பருத்தி, மக்காச்சோளம், பப்பாளியில் ஆராய்ச்சி செய்தார். சர் சி.வி.ராமன் அந்தத் தோட்டத்துக்கு வந்து பாராட்டியிருக்கிறார்.

1952-இல் இரண்டு பேர் போகும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்தான். ஆனால் தயாரிக்க அரசு உரிமம் தரவில்லை. வண்டி செய்யத் தெரிந்தவருக்கே அனுமதி இல்லாததால் வண்டி சாலைக்கு வரவில்லை.

அவருக்கு நேர்ந்தது உங்களுக்கு நேர வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் எண்ணும் எரிபொருள் வகையும் பதிவாகியிருக்கும். எனவே இன்ஜின் வாங்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய், உங்கள் வண்டிக்கு எந்த மாற்றத்துக்கு அனுமதி கிடைக்கும், என்ன படிவம் வேண்டும் என்று கேளுங்கள். வண்டிக்கு 15 ஆண்டு கடந்திருந்தால் பதிவைப் புதுப்பிக்க முடியுமா என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளுங்கள். புதுப்பிக்க முடியாத வண்டியில் பணத்தைப் போடாதீர்கள். இன்ஜினுக்கு ரசீதும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற ஆவணமும் இல்லாமல் வாங்காதீர்கள். திருட்டு வண்டி இன்ஜினாக இருந்தால் வழக்கு உங்கள் மேல் வரும். மாற்றம் பதிவானதும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவியுங்கள். தெரிவிக்காமல் விட்டால் விபத்து நேரத்தில் இழப்பீடு கேட்பது சிக்கலாகிவிடும்.

இந்த வரிசையில் செய்யுங்கள்

1. ஆர்.டி.ஓ. அலுவலக விசாரிப்பு.
2. வண்டி அளவுகள்.
3. மொத்தச் செலவுக் கணக்கு. மிச்சமாகும் எரிபொருள் செலவில் போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும் என்று பாருங்கள்.
4. இன்ஜினை ஓட்டிப் பார்த்து வாங்குதல்.
5. லேத் பட்டறை வேலையும் துணைப் பாகங்களும்.
6. இவையெல்லாம் கைக்கு வந்தபின் பழைய இன்ஜினில் ஸ்பேனர் வையுங்கள்.

அறுவடை, விதைப்பு நெருங்கும் சமயத்தில் தொடங்க வேண்டாம். மூன்றாவது படியில் கணக்கு ஒத்துவரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவரை பெரிய செலவு எதுவும் ஆகியிருக்காது, வண்டியும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஜி.டி.நாயுடு 1974 ஜனவரி 4-இல் காலமானார். கோவை அவினாசி சாலையில் அவர் பெயரிலான அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகம் இருக்கிறது. இந்த வேலையில் இறங்குமுன் உங்களோடு உதவிக்கு நிற்கப்போகும் பையன்களையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் போய்ப் பாருங்கள். பழைய வண்டிகளில் எந்தப் பாகம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுமையாகக் கவனித்து வந்தால், உங்கள் ஜீப்பின் பானெட்டைத் திறக்கும்போது அது கைகொடுக்கும்.