இந்தியாவின் முதல் பத்திரிகையை மூடவைத்த அவதூறு வழக்கு: யார் இந்த ஹிக்கி?

இந்தியாவின் முதல் அச்சுப் பத்திரிகை எது? டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சி தேர்வுக்குப் படித்தவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்: 1780-ல் கல்கத்தாவில் வெளியான ‘பெங்கால் கெஜட்’. நடத்தியவர் ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி. ஒரு மதிப்பெண் கேள்வி அத்துடன் முடிந்துவிடும்.

அந்தப் பத்திரிகை எப்படி முடிந்தது என்பதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. இரண்டே ஆண்டுகள்தான் வந்தது. பணம் போட்டவர் கைவிடவில்லை, வாசகர்களும் குறையவில்லை. நாட்டின் மிகப் பெரிய அதிகாரி போட்ட அவதூறு வழக்குகளால் அது மூடப்பட்டது. இந்தியாவில் பத்திரிகையின் வரலாறும், பத்திரிகை மீதான அவதூறு வழக்கின் வரலாறும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில்தான் தொடங்குகின்றன.

கடனில் தொடங்கிய வாழ்க்கை

ஹிக்கி 1740-ஐ ஒட்டி அயர்லாந்தில் பிறந்தவர். லண்டனில் ஓர் அச்சகத்தில் தொழில் பழகினார். அங்கே நிலைக்கவில்லை. ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருந்தார். அதுவும் சரிவரவில்லை. கிழக்கிந்திய கம்பெனிக்காக ஓடிய கப்பலில் மருத்துவ உதவியாளராக ஏறி, 1770-களின் தொடக்கத்தில் கல்கத்தா வந்து இறங்கினார்.

கல்கத்தாவில் கப்பல் வியாபாரத்தில் இறங்கினார். சரக்கு நஷ்டமானது, கடன் கழுத்தை நெரித்தது. கடனைத் திருப்பிக் கொடுக்காதவரைச் சிறையில் போடுவது அந்தக் காலத்து வழக்கம். 1776-ல் ஹிக்கி உள்ளே போனார்.

அங்கேதான் பழகிய தொழில் கைகொடுத்தது. இருந்த பணத்தில் அச்சு எழுத்துகளை வாங்கி, சிறைக்குள்ளேயே அச்சு வேலை செய்ய ஆரம்பித்தார். விளம்பரத் தாள், படிவம் என்று கிடைத்ததை எல்லாம் அச்சடித்தார். வெளியே வந்த பிறகு கம்பெனி ராணுவத்தின் விதிமுறைகளை அச்சடிக்கும் பெரிய ஆர்டர் கிடைத்தது. வேலையை வாங்கிக்கொண்ட கம்பெனி, காசு கொடுக்கும்போது இழுத்தடித்தது. அந்தப் பாக்கி கடைசிவரை முழுசாக வந்து சேரவில்லை.

கம்பெனியை நம்பிப் பிழைக்க முடியாது என்று புரிந்த நிலையில்தான், 1780 ஜனவரி 29 அன்று, சனிக்கிழமை, ஹிக்கி தன் வாரப் பத்திரிகையின் முதல் இதழைக் கொண்டுவந்தார்.

முதலில் அரசியலே இல்லை

இன்றைக்கு ஹிக்கியை ஒரு புரட்சியாளராகச் சொல்வது சுலபம். ஆனால் தொடக்கத்தில் அவர் யாருடனும் மோதவில்லை. கப்பல் எப்போது வருகிறது, யார் வீடு விற்கிறார்கள், தெருவில் ஏன் இவ்வளவு குப்பை, எங்கே தீப்பிடித்தது இவைதான் செய்திகள். வாசகர் கடிதங்களும் விளம்பரங்களும் நிறைய இருந்தன. எல்லாத் தரப்புக்கும் இடம் உண்டு, யாருடைய பேச்சுக்கும் ஆட மாட்டோம் என்பது பத்திரிகையின் அறிவிப்பு.

அதே ஆண்டு நவம்பரில் போட்டிக்கு ‘இந்தியா கெஜட்’ வந்தது. நடத்தியவர்கள் பெர்னார்ட் மெசிங்க், பீட்டர் ரீட். ஒருவர் நாடக அரங்கு நடத்தியவர், மற்றவர் உப்பு வணிகத்தில் இருந்தவர். இருவரும் அதிகார வட்டத்துக்கு வேண்டியவர்கள். அவர்களுக்குத் தபால் செலவு இல்லாமல் பத்திரிகை அனுப்பச் சலுகை கிடைத்தது.

ஹிக்கி சும்மா இருப்பாரா? தனக்கும் சலுகை கிடைத்திருக்கும், ஆனால் கவர்னர் ஜெனரலின் மனைவி மரியன் ஹேஸ்டிங்ஸுக்கு லஞ்சம் கொடுக்கும்படி ஒரு மூத்த கம்பெனி அதிகாரி கேட்டதாகவும், தான் மறுத்துவிட்டதாகவும் அச்சிலேயே எழுதிவிட்டார்.

பதில் உடனே வந்தது. 1780 நவம்பர் 14 அன்று, ஹிக்கியின் பத்திரிகையைத் தபால் அலுவலகம் வழியாக அனுப்பக் கூடாது என்று கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸின் அரசு உத்தரவிட்டது. கல்கத்தாவுக்கு வெளியே இருந்த சந்தாதாரர்கள் ஒரே நாளில் துண்டிக்கப்பட்டார்கள். நகரத்துக்குள் ஹர்காராக்களை வைத்து வீடு வீடாகப் பத்திரிகை போட்டார் ஹிக்கி. எழுத்தின் சூடு அதன் பிறகுதான் ஏறியது.

யாரையெல்லாம் தொட்டார்?

முதல் ஆள், வாரன் ஹேஸ்டிங்ஸ். வங்காளத்தின் முதல் கவர்னர் ஜெனரல். தேவையில்லாத போர்களில் கம்பெனியை இழுத்துவிடுகிறார், சர்வாதிகாரி போல நடக்கிறார், ஊழல் செய்கிறார் என்று ஹிக்கி எழுதினார். அந்த நேரத்தில் தெற்கே ஹைதர் அலியுடன் போர் நடந்துகொண்டிருந்தது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் கம்பெனிப் படை படுதோல்வி அடைந்திருந்தது. போர் பற்றிய கேள்விகளுக்குக் கல்கத்தாவில் ஆர்வமான வாசகர்கள் இருந்தார்கள்.

இரண்டாவது ஆள், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி எலைஜா இம்பே. ஹேஸ்டிங்ஸும் இவரும் ஒரே பள்ளியில் படித்த நண்பர்கள். ஹேஸ்டிங்ஸ் லஞ்சம் வாங்கினார் என்று புகார் சொன்ன மகாராஜா நந்தகுமார், 1775-ல் ஆவண மோசடி வழக்கில் தூக்கிலிடப்பட்டார். அந்த வழக்கை விசாரித்த நீதிமன்றத்துக்குத் தலைவர் இம்பே. 1780-ல் கம்பெனியின் சதர் திவானி அதாலத் நீதிமன்றத்துக்கும் அவரையே தலைவராக்கி, மாதம் 5,000 ரூபாய் தனிச் சம்பளம் கொடுத்தார் ஹேஸ்டிங்ஸ். கம்பெனியைக் கேள்வி கேட்க வேண்டிய நீதிபதி, கம்பெனியிடமே சம்பளம் வாங்கலாமா என்பதுதான் எழுந்த கேள்வி. ஹிக்கி இம்பேக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்.

மூன்றாவது ஆள், பாதிரியார் கீர்நாண்டர். ஸ்வீடனைச் சேர்ந்த இவர் தமிழ்நாட்டுக்கும் தெரிந்தவர். 1740 முதல் கடலூரில் மிஷனரியாக இருந்து, 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் கடலூரைப் பிடித்த பிறகு கல்கத்தாவுக்குப் போனவர். அநாதைக் குழந்தைகளுக்கான நிதியில் கைவைத்தார் என்று அவர் மீது ஹிக்கி குற்றம் சாட்டினார்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஹிக்கி எழுதியதெல்லாம் பொதுநலன் சார்ந்த செய்தி அல்ல. பெண்களைப் பற்றிய கிசுகிசு வந்தது. ஹேஸ்டிங்ஸின் படுக்கையறையைக்கூடக் கேலி செய்தார். புனைபெயர்களுக்குப் பின்னால் யார் என்று ஊருக்கே தெரியும்படி ஆட்களைக் கிண்டல் அடித்தார். ஊழல் செய்தியும் வம்புப் பேச்சும் ஒரே பக்கத்தில் கலந்து கிடந்தன. எதிரிகளுக்கு அது வசதியாகப் போனது.

1781 ஜூன்: நான்கு வழக்குகள்

1781 ஜூன் மாதம் ஹிக்கி கைது செய்யப்பட்டார். ஹேஸ்டிங்ஸும் கீர்நாண்டரும் அவதூறு வழக்குத் தொடுத்திருந்தார்கள். ஜாமீனுக்குக் கேட்கப்பட்டது பெரும் தொகை. சாதாரண அச்சகக்காரரால் திரட்டவே முடியாதது. ஆகவே தீர்ப்பு வருவதற்கு முன்பே சிறை. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நான்கு விசாரணைகள். நடந்த இடம், ஹிக்கி யாரைக் கடுமையாக விமர்சித்தாரோ அந்த இம்பே தலைமை வகித்த உச்ச நீதிமன்றம்.

இங்கேதான் அன்றைய சட்டத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கல்கத்தா உச்ச நீதிமன்றத்தில் இங்கிலாந்துச் சட்டம்தான் நடைமுறை. அதன்படி அரசையோ ஆட்சியில் இருப்பவரையோ இழிவுபடுத்தி எழுதுவது குற்றம். எழுதியது உண்மைதான் என்று நிரூபித்தாலும் தப்பிக்க முடியாது. உண்மையாக இருந்தால் மக்கள் இன்னும் அதிகமாகக் கொந்தளிப்பார்கள், ஆகவே உண்மைதான் பெரிய அவதூறு என்று அன்றைய வழக்கறிஞர்கள் பேசிக்கொள்ளும் அளவுக்கு நிலைமை இருந்தது.

ஜூரிகளுக்கும் பெரிய வேலை இல்லை. இதை அச்சடித்தது இந்த ஆள்தானா, இதில் சொல்லப்படுவது இன்னாரைத்தானா என்று பார்ப்பதே அவர்கள் பொறுப்பு. எழுதியது அவதூறா, இல்லையா என்பதை நீதிபதிதான் முடிவு செய்வார்.

அதாவது, ஹேஸ்டிங்ஸ் ஊழல் செய்தாரா என்ற கேள்வி நீதிமன்றத்துக்குள் வரவே இல்லை. வந்திருந்தால் ஹிக்கி அதை நிரூபித்திருப்பாரா என்பது வேறு விஷயம். நிரூபிக்கும் வாய்ப்பே அவருக்குச் சட்டத்தில் கிடையாது. குற்றவாளி என்று தீர்ப்பானது. சிறைத் தண்டனையுடன் அபராதமும் விதிக்கப்பட்டது.

சிறைக்கு அடங்காதவர், செலவுக்கு அடங்கினார்

ஹிக்கி சிறைக்குப் போனார், பத்திரிகை நிற்கவில்லை. உள்ளே இருந்தபடியே சுமார் 9 மாதங்கள் தொடர்ந்து கொண்டுவந்தார். ஹேஸ்டிங்ஸையும் இம்பேயையும் தாக்குவதையும் நிறுத்தவில்லை.

சிறை பலிக்காத இடத்தில் பணம் பலித்தது. 1782-ல் ஹேஸ்டிங்ஸ் மறுபடியும் புது வழக்குகள் போட்டார். ஏற்கெனவே கடனாளி. வெளியூர்ச் சந்தாதாரர்களைத் தபால் தடை பறித்துவிட்டிருந்தது. அபராதம், வழக்குச் செலவு, நஷ்டஈடு என்று சுமை ஏறிக்கொண்டே போனது. கடைசியில் நீதிமன்ற உத்தரவின்பேரில் அவருடைய அச்சு எழுத்துகள் பறிமுதல் செய்யப்பட்டன. 1782 மார்ச் 30 தேதியிட்ட இதழுடன் ‘பெங்கால் கெஜட்’ முடிந்தது. ஏலத்துக்குப் போன எழுத்துகள், போட்டிப் பத்திரிகையான இந்தியா கெஜட்டின் கைக்குப் போயின.

அதே 1782-ல் இம்பேயை லண்டனுக்குத் திருப்பி அழைக்க பிரிட்டிஷ் நாடாளுமன்றம் முடிவெடுத்தது. காரணம், கம்பெனியிடம் அவர் வாங்கிய அந்த இரண்டாவது பதவி. ஹேஸ்டிங்ஸ் மீது 1788-ல் தொடங்கிய பதவிநீக்க விசாரணை 7 ஆண்டுகள் நடந்தது. 1795-ல் அவர் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவிக்கப்பட்டார். ஆனால் கல்கத்தாவில் எழுப்பினால் சிறை என்றிருந்த கேள்விகளில் பல, லண்டன் நாடாளுமன்றத்தில் வெளிப்படையாகவே விவாதிக்கப்பட்டன.

ஹிக்கிக்கு அதனால் பயன் எதுவும் இல்லை. 1784 இறுதியில், ஹேஸ்டிங்ஸ் தனக்கு வரவேண்டிய தொகையைத் தள்ளுபடி செய்த பிறகுதான் விடுதலை ஆனார். பழைய அச்சு பாக்கியைக் கேட்டுக் கம்பெனிக்கு மனு மேல் மனு போட்டார். உடல்நலம் கெட்டது, குடும்பம் வறுமையில் இருந்தது. 1802-ல் சீனா நோக்கிச் சென்ற கப்பலில் இறந்தார்.

அதற்குப் பிறகு சட்டம் மாறியதா?

மாறியது, ஆனால் மெதுவாக. அவதூறா இல்லையா என்று முடிவு செய்யும் உரிமை 1792-ல் இங்கிலாந்து ஜூரிகளுக்குக் கிடைத்தது. உண்மை, கூடவே பொதுநலன் என்று இரண்டையும் காட்டினால் குற்ற வழக்கிலிருந்து தப்பலாம் என்ற நிலை 1843-ல் வந்தது. இந்தியாவில் 1860-ம் ஆண்டின் தண்டனைச் சட்டம், பிரிவு 499-ல் அதே ஏற்பாட்டைச் சேர்த்தது. அன்றைக்கு இந்தச் சட்டம் இருந்திருந்தால், ஹிக்கி குறைந்தபட்சம் சாட்சிகளையாவது கூப்பிட்டிருக்கலாம்.

இப்போது அந்தப் பிரிவு, பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 356. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. சமூக சேவை செய்யச் சொல்லும் தண்டனையும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. அவதூறு என்பது சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றமாக இருக்கலாமா என்ற கேள்வி வந்தபோது, இருக்கலாம் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தச் சட்டத்தின் தாயகமான இங்கிலாந்தோ 2009-லேயே குற்றவியல் அவதூறை ஒழிக்கச் சட்டம் இயற்றிவிட்டது. இலங்கை அதற்கும் முன்பே, 2002-ல் ஒழித்துவிட்டது.

நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்கில் பத்திரிகைகளுக்குக் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. அதைத் தந்தது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை வெளியிட முயன்ற ‘நக்கீரன்’ தொடர்பான அந்த வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு அமைப்பு நஷ்டஈடு கேட்க முடியாது. அரசு ஊழியர் தன் பணி குறித்த செய்திக்காக வழக்குப் போட்டால், செய்தி பொய் என்பதையும், உண்மையா என்று பார்க்காமலே வெளியிட்டார்கள் என்பதையும் அவர்தான் காட்ட வேண்டும்.

குற்ற வழக்கில் இன்னொரு வசதி அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு உண்டு. அமைச்சரின் பணி குறித்த செய்தி என்றால், அவருக்காக அரசு வழக்கறிஞரே வழக்குத் தொடரலாம். அமைச்சருக்குக் கைக்காசு செலவில்லை, பத்திரிகையாளர் வாய்தாவுக்கு வாய்தா அலைய வேண்டும். தமிழ்நாடு அரசு பத்திரிகை ஆசிரியர்கள் மீது இப்படித் தொடுத்த பல வழக்குகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020 மே மாதம் ரத்து செய்தது. எடுத்ததற்கெல்லாம் அரசு வழக்குப் போடக் கூடாது என்றும் எச்சரித்தது. அந்த வழக்குகளில் சில அதற்குள் பல ஆண்டுகளைக் கடந்திருந்தன.

பொய்ச் செய்தியால் ஒருவரின் பெயர் கெட்டால் அவருக்குப் பரிகாரம் வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஹிக்கியின் கிசுகிசுவில் அடிபட்டவர்களுக்கும் அந்த நியாயம் உண்டு. ஆனால் ஹேஸ்டிங்ஸ் வழக்கு அந்தப் பரிகாரத்துக்காக நடந்த மாதிரி தெரியவில்லை. தபால் தடை, கட்ட முடியாத ஜாமீன், அடுத்தடுத்த வழக்கு, கடைசியில் அச்சு எழுத்துப் பறிமுதல் என்று அது போன பாதை, பத்திரிகையை நிறுத்தும் பாதை.

அடுத்த முறை ஒரு தலைவரோ தொழிலதிபரோ செய்தி நிறுவனம் மீது 100 கோடி கேட்டு அவதூறு வழக்கு என்ற நோட்டிஃபிகேஷன் போனில் வரும்போது, தொகையைத் தாண்டி இரண்டு விஷயங்களைத் தேடிப் பார்க்கலாம். செய்தியில் எந்த வரி பொய் என்று மனுவில் சொல்லியிருக்கிறார்களா? வழக்கு முடியும்வரை அந்தச் செலவைத் தாங்க இரண்டு தரப்பில் யாரால் முடியும்?