ஸெர்ஜி வினோக்ராட்ஸ்கி

கிருமி என்ற சொல்லைக் கேட்டதும் காலராவும் க்ஷயமுமே நம் நினைவுக்கு வருகின்றன. பாஸ்டர், கோக் ஆகிய இரு மேதைகளின் புகழ் அத்தகையது. அவர்கள் காலத்திலேயே, எவரையும் நோயாளியாக்காத கிருமிகளைத் தேடிச் சேற்றிலும் மண்ணிலும் உழைத்தவர் வினோக்ராட்ஸ்கி.

1856-ல் கீவ் நகரில் செல்வக் குடும்பமொன்றில் பிறந்தார். சட்டம் படிக்கப் புகுந்து விட்டொழித்தார்; பியானோ பயின்று அதையும் விட்டார். இறுதியில் பீட்டர்ஸ்பர்க் ஸர்வகலாசாலையில் விஞ்ஞானம் கற்று, 1885-ல் ஸ்ட்ராஸ்பர்க் சென்று தாவர சாஸ்திரி டி பேரியிடம் சேர்ந்தார்.

கந்தக ஊற்றுக்களில் வெண்ணூல் போலப் படரும் பெக்கியடோவா என்னும் கிருமியை அங்கே அவர் ஆராய்ந்தார். அதன் உடலுக்குள் கந்தகத் துளிகள் மின்னும். அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் ஸல்பைடு கலந்த நீரைக் கொடுத்தால் அத்துளிகள் பெருகின. கொடாது நிறுத்தினால் சிறுகச் சிறுக மறைந்தன. நாம் அன்னத்தை எரித்து வலிமை பெறுவதுபோல் அவ்வுயிர் கந்தகத்தை எரித்து வாழ்கிறது என்று 1887-ல் அவர் முடிவு கூறினார்.

அடுத்தது அமோனியா. எருவின் அமோனியா மண்ணில் வெடியுப்புச் சத்தாக மாறுவது உயிர்களின் வேலை என்பது 1877-லேயே பிரான்ஸில் தெளிவாகியிருந்தது. ஆயினும் அவ்வுயிர்களைப் பிரித்தெடுக்க முயன்றவர்கள் தோற்றார்கள். காரணம் யாதெனில், மாமிச ரஸமும் ஜெலட்டினும் கலந்த விருந்தையே அவர்கள் எல்லாக் கிருமிகளுக்கும் படைத்து வந்தார்கள். அவ்விருந்தில் வளரும் உயிர்கள் வேறு! வினோக்ராட்ஸ்கி ஜூரிச்சில் அமோனியாவும் சில உப்புக்களும் மட்டுமே கலந்த நீரை வைத்தார். பின்னர் மணற்சத்தாகிய ஸிலிகாவிலிருந்து கூழ் செய்து அதன்மீது வளர்த்தார். கிருமிகள் அகப்பட்டன. அவை இரு கூட்டத்தார்: ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டாக்கும், மற்றது நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். (இரண்டையும் ஒன்றாகவே செய்யும் கிருமியும் உண்டென்பது 2015-ல்தான் தெரிய வந்தது.)

இதனினும் பெரிய வியப்பு, அவை தம் உடலைக் கரியமில வாயுவிலிருந்து இருளிலேயே கட்டிக்கொண்டன என்பது. வெயிலும் பச்சை இலையுமின்றி அது நடவாது என்பதன்றோ அதுவரை உலகம் கொண்ட நம்பிக்கை? 1977-ல் காலாபகஸ் தீவுகளுக்கு அருகே, வெயில் எட்டாத கடலடியிலுள்ள வெந்நீர் ஊற்றுக்களில், வாயும் குடலுமில்லாத புழுக்களைக் கண்டார்கள்; அவை கந்தகக் கிருமிகளைத் தம் உடலுக்குள் வைத்தே பிழைப்பது பின்னர் தெரிய வந்தது. அவ்வாழ்வின் விளக்கம் வினோக்ராட்ஸ்கியின் ஆராய்ச்சியில் முன்பே இருந்தது.

1891-ல் பாஸ்டரின் ஸ்தாபனம் அவரை அழைத்தது. அவரோ பீட்டர்ஸ்பர்க்கில் புதிதாக எழுந்த ஆராய்ச்சி ஸ்தாபனத்துக்கே சென்றார். காற்றிலுள்ள நைட்ரஜனைக் கிரகிப்பதும், பிராணவாயு பட்டால் வாட்டமுறுவதுமான ஒரு மண்கிருமியை அங்கே கண்டுபிடித்து, அதற்குப் பாஸ்டரின் பெயரையே சூட்டினார். சுமார் ஐம்பது வயதில் ஓய்வு பெற்று, உக்ரேனிலிருந்த தம் நிலபுலன்களைக் கவனிக்கப் போய்விட்டார். ஆராய்ச்சி பல்லாண்டு நின்றது.

1917-ன் புரட்சி அந்நிலத்தைப் பறித்தது. அகதியாய் பெல்கிரேடை அடைந்த அவரை, 1922-ல் அதே பாஸ்டர் ஸ்தாபனம் மீண்டும் அழைத்தது. இம்முறை மறுக்கவில்லை. பாரிஸுக்கு அருகே பிரி-கோம்த்-ரோபேர் என்னும் சிற்றூரில், அறுபத்தைந்து கடந்த வயதில் மறுபடி மண்ணை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பரிசோதனைச் சாலையில் கொழுத்து வளரும் கிருமியை விட்டு, வயலின் மண்ணில் உள்ளபடி வாழும் கிருமியை அறிய வேண்டும் என்பதே அவருடைய பிற்கால முயற்சியெல்லாம். 1949-ல் தம் அரை நூற்றாண்டு ஆராய்ச்சிகளை ஒரு பெருநூலாகத் தொகுத்து வெளியிட்டு, 1953 பிப்ரவரியில், 96-ஆம் வயதில், அச்சிற்றூரிலேயே காலமானார்.