புத்தகங் கட்டிய பரடே

இரவில் விளக்கொளியில் அமர்ந்து நூல் படிப்போருள், அவ்வொளி எங்ஙனம் வந்ததென வினவுவோர் சிலரே. நீர்மின் நிலையத்தில் வீழும் நீர் உருளையைச் சுழற்ற, காந்தத்திற்கும் கம்பிச் சுருளுக்கும் இடையே நிகழும் அசைவு மின்னோட்டமாகி, நெடுந்தூரங் கடந்து நம் இல்லங்களை அடைகின்றது. எரிபொருளைக் கொண்டு இயங்கும் நிலையங்களிலும் உருளையைச் சுழற்றும் ஆற்றல் வேறாமேயன்றி முறை ஒன்றே. இம்முறையை உலகிற்கு அளித்தவர் பல்கலைக்கழக வாயிலை மாணாக்கராய் மிதித்தவரல்லர். புத்தகங் கட்டுந் தொழில் பயின்றவர். அவர் மைக்கேல் பரடே.

இலண்டன் நகரின் தென்புறத்தே நியூயிங்ரன் பட்ஸ் என்னுமிடத்தில் 1791 ஆம் ஆண்டு செத்தெம்பர் 22 ஆம் திகதி பரடே பிறந்தார். தந்தையார் யேம்ஸ் ஒரு கொல்லர், வடபுலத்தினின்றும் பிழைப்புத் தேடி வந்தவர், நோயாளி. உலைக்களத்திற்குச் செல்ல இயலாத நாள்கள் மிகவே, குடும்பம் வறுமையுள் ஆழ்ந்தது. 1801 இல் தானிய விலை ஏறிய காலத்துச் சிறுவன் மைக்கேலுக்கு வாரம் ஒன்றுக்கு ஒரு பாண் என அளந்து கொடுக்கப்பட்டது. எழுத்தும் வாசிப்பும் கணக்கின் முதற் பாடங்களுமே பள்ளியில் அவர் பெற்றவை. குடும்பத்தார் சண்டிமானியர் எனப்படும் சிறியதொரு கிறித்தவ சபையைச் சேர்ந்தவர். செல்வஞ் சேர்த்து வைத்தலையும் உலகப் பெருமையை நாடுதலையும் அச்சபையார் விரும்பார். பிற்காலத்தில் பரடே செய்தவற்றுட் பல, இதனை அறியாதார்க்கு விளங்கமாட்டா.

1804 இல் யோர்ஜ் றிபோ என்னும் நூல் வணிகரிடம் ஏவலாளனாய்ச் சேர்ந்தார். மறு ஆண்டு, புத்தகங் கட்டும் பயிற்சிக்கு ஏழாண்டு ஒப்பந்தஞ் செய்யப்பட்டது. சுமக்கும் பொருளின் மணமறியாது சுமப்போர் உலகிற் பலர். பரடே தாம் கட்டிய நூல்களைப் படித்தார். கட்டுவதற்கு வந்த பிரித்தானியக் கலைக்களஞ்சியத் தொகுதியொன்றில் மின்சாரம் பற்றிய கட்டுரையைக் கண்டார். யேன் மார்செற் அம்மையார் இரசாயனத்தை உரையாடல் வடிவில் விளக்கிய நூலையுங் கண்டார். படித்தவற்றை நம்புதற்குமுன் சில பென்சுகள் செலவிட்டுத் தாமே செய்து பார்த்தார். இப்பழக்கம் அவரை இறுதிவரை விட்டகலவில்லை.

1812 இல் கடைக்கு வந்த அன்பரொருவர், றோயல் நிறுவனத்தில் சேர் ஹம்பிறி டேவி ஆற்றிய நான்கு விரிவுரைகளுக்கு அநுமதிச் சீட்டு உதவினார். பரடே மேன்மாடத்தில் இருந்து கேட்டார், கேட்டவற்றை விரித்தெழுதினார், கருவிகளின் படங்களை வரைந்து சேர்த்தார், தம் கையாலேயே அட்டை கட்டினார். முன்னரே அவர் றோயல் சங்கத் தலைவருக்கு வேலை வேண்டி எழுதிய கடிதத்திற்கு மறுமொழி வந்திலது. இம்முறை அந்நூலையே டேவிக்கு அனுப்பினார். மாணாக்கர் குறிப்பேடுகளைப் பல்லாண்டு திருத்திக் களைத்தவன் யான். அத்தகைய ஏடொன்று என் மேசைக்கு வருமாயின் அன்றிரவு உறங்கேன். டேவியும் மகிழ்ந்தார், எனினும் உடனே கொடுக்க வேலை இருக்கவில்லை. சின்னாளில் ஆய்வுகூட உதவியாளர் ஒருவர் சண்டையிட்டு விலக்கப்பட, 1813 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவ்விடம் பரடேக்குக் கிடைத்தது. வாரம் 25 சிலிங் ஊதியம். மேன்மாடத்தில் இரண்டு அறைகள். எரிக்க நிலக்கரியும் மெழுகுதிரியும்.

அவ்வாண்டு ஒக்டோபரில் டேவி தம்பதியருடன் ஐரோப்பியப் பயணம் புறப்பட்டார். பரிசில் அம்பியரையும் இத்தாலியில் முதியவரான வோல்ற்றாவையுங் காணும் பேறு வாய்த்தது. ஆயின் டேவியின் ஏவலாளன் உடன்வர மறுத்தமையால் அவ்வேலையும் இவர் தலையில் வீழ்ந்தது. டேவியின் மனைவியார் இவரைப் பணியாளாகவே நடத்தினார். பயணத்தை விட்டுத் திரும்பிவிடலாமோ என இவர் எண்ணியதும் உண்டு. பொறுத்திருந்து, 1815 இல் இலண்டன் மீண்டார்.

1820 இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஏர்ஸ்டெட், மின்னோடும் கம்பியின் அருகே திசையறிகருவியின் ஊசி திரும்புதலைக் கண்டு வெளியிட்டார். மறு ஆண்டு செத்தெம்பரில், மின்னோடும் கம்பி காந்தத்தைச் சுற்றி இடையறாது சுழலுமாறு பரடே செய்து காட்டினார். இன்றைய மின்மோட்டார்களின் முன்னோடி அதுவே. அவசரமாக அதனை வெளியிட்டபோது, அத்துறையில் முன்னரே சிந்தித்த வொல்லஸ்ரன் என்பாரின் பெயரைக் குறிப்பிடாது விட்டார். பிறர் கருத்தைத் திருடினார் என்ற பழி எழுந்தது. வொல்லஸ்ரன் பெருந்தன்மையுடன் நடந்துகொண்டார். நோவு தந்தது வேறிடத்திலிருந்து வந்தது. பரடேயை றோயல் சங்க உறுப்பினராக்கப் பிறர் முன்மொழிந்தபோது, அப்போது சங்கத் தலைவராயிருந்த டேவியே எதிர்த்தார். 1824 ஆம் ஆண்டு சனவரியில் ஒரேயொரு எதிர்வாக்குடன் பரடே தெரிவு செய்யப்பட்டார். மாணாக்கன் தன்னினும் உயர்தல் கண்டு மகிழ்தல் ஆசிரியர்க்கு அழகென மேடையில் யாவரும் பேசுகின்றோம்; நேரே வருங்கால் அது எளிதன்று. டேவியிடம் தாம் கொண்ட நன்றியைப் பரடே பிற்காலத்தும் மறந்திலர்.

மின்சாரத்தாற் காந்தம் பிறக்குமாயின், காந்தத்தால் மின்சாரம் ஏன் பிறத்தலாகாது? இவ்வினா அவர் உள்ளத்தில் பத்தாண்டு கிடந்தது. 1820க்கும் 1830க்கும் இடையே பலமுறை முயன்று தோற்றார். தோற்றவர் அவர் மட்டுமல்லர். செனீவாவில் கொலடன் என்பார் 1825 இல் கம்பிச் சுருளுள் காந்தத்தைச் செலுத்தினார். அக்காந்தம் தம் அளவுகருவியின் ஊசியைத் தாக்கிவிடுமென அஞ்சிக் கருவியை வேற்றறையில் வைத்திருந்தார். காந்தத்தைச் செலுத்திவிட்டு அவர் நடந்து சென்று பார்க்குமுன் ஊசி அசைந்து அடங்கிவிட்டது! சில அடி தூரத்திற் பெரும்புகழ் அவர் கைதப்பிப் போயிற்று.

1831 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29 ஆம் திகதி பரடே புதியதொரு கருவியைக் கையிற் கொண்டார். மெல்லிரும்பாலான வளையம், வெளிவிட்டம் 6 அங்குலம், கனம் ஓர் அங்குலத்திற்குச் சற்றுக் குறைவு. அதன் ஒருபாதியில் 24 அடி நீளமான செப்புக் கம்பிகள் மூன்றையும், மறுபாதியில் ஏறக்குறைய 60 அடிக் கம்பியையுஞ் சுற்றினார். உறையிட்ட கம்பி கடையில் வாங்கும் பொருளாயிராத காலம் அது. ஒரு சுற்று மற்றைச் சுற்றைத் தொடாதிருக்க இடையிடையே நூலும், அடுக்கிற்கு அடுக்கு துணியுஞ் சுற்றினார். புத்தகங் கட்டிப் பழகிய கைக்கு அது புதுவேலையன்று. இரண்டாஞ் சுருளின் முனைகளைச் செப்புக் கம்பியால் இணைத்து, அக்கம்பியைச் சற்றுத் தொலைவில் இருந்த காந்த ஊசியின்மேற் செல்ல விட்டார். பின்னர் முதற் சுருளை மின்கலவடுக்குடன் பொருத்தினார். ஊசி துடித்தது, ஆடி அடங்கிப் பழைய நிலையில் நின்றுவிட்டது. மின்னோட்டமோ முதற் சுருளில் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. தொடுப்பை நீக்கினார். ஊசி மீண்டுந் துடித்தது.

ஏனையோர் நிலையான விளைவை எதிர்நோக்கினர். வந்ததோ கணநேரத் துடிப்பு. பரடே அத்துடிப்பைப் பிழையென ஒதுக்கினாரல்லர். ஒக்டோபர் 17 ஆம் திகதி, கடதாசியாற் செய்த உருளையிற் கம்பிச் சுருள்களைச் சுற்றி, எட்டரை அங்குல நீளமான காந்தக் கோலை அதனுள் விரைந்து செலுத்தினார். ஊசி அசைந்தது. கோலை உள்ளே வாளா கிடக்கவிட்டார், அசைவில்லை. வெளியே இழுத்தார், ஊசி எதிர்ப்புறமாய் அசைந்தது. ஆகவே, சுருளினருகே காந்தம் இருத்தல் போதாது. சுருளினூடு செல்லும் காந்தப்புலம் மாறுதல் வேண்டும். மாற்றம் விரைவாயின் மின்தூண்டல் மிகும். சுற்றுக்கள் பலவாயின் அதற்கேற்பப் பெருகும். மாற்றம் நின்றால் அதுவும் நிற்கும். ஒக்டோபர் 28 ஆம் திகதி, றோயல் சங்கத்தின் பெருங்காந்தத்து முனைகளிடையே செப்புத் தட்டொன்றைச் சுழற்றி, இடையறாத மின்னோட்டத்தையும் பெற்றார். அத்தட்டே முதல் மின்பிறப்பாக்கி. நவம்பர் 24 ஆம் திகதி இவை யாவும் சங்கத்தில் வாசிக்கப்பட்டன.

அமெரிக்காவில் ஓல்பனி நகரத்துப் பள்ளியாசிரியர் யோசேப் ஹென்றியும் இவ்வுண்மையைத் தனித்துக் கண்டவர். பாடஞ் சொல்லிக் கொடுத்தல் போக, ஆராய்ச்சிக்கு அவர்க்கு எஞ்சியது ஓகஸ்ட் விடுமுறை ஒன்றே. 1832 இல் அவர் வெளியிடுமுன் பரடேயின் கட்டுரை வந்துவிட்டது. ஆசிரியத் தொழிலில் உள்ளார்க்கு இச்செய்தி சற்று உறைக்கும்.

தமிழ் ஆசிரியன் என்னும் முறையில் எனக்கு இனிக்கும் செய்தியொன்று உளது. 1834 இல், மின்னாற் பகுப்புப் பற்றி எழுதுகையிற் புதிய பொருள்களுக்குச் சொல்லின்றிப் பரடே இடர்ப்பட்டார். கிரேக்கம் அறியாத அவர், கேம்பிறிட்சு அறிஞர் வில்லியம் ஊவெலை நாடினார். அனோட்டு, கதோட்டு, அயன் என்னுஞ் சொற்கள் அங்ஙனம் கிரேக்க வேரினின்றும் ஆக்கப்பட்டவை. அறியாததை அறிந்தாரிடம் கேட்க அவர் நாணவில்லை.

கணிதமும் அவர் அறியார். காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் வளைந்து நிற்றலைக் கண்டு, வெற்றிடமெனப் பிறர் கருதிய வெளியில் விசைக்கோடுகள் நிறைந்துள்ளன எனக் கொண்டார். கம்பி அக்கோடுகளை வெட்டும்போது மின்னோட்டம் எழுகின்றது என்பது அவர் விளக்கம். சமன்பாடில்லாத இக்கொள்கையைக் கணித வல்லுநர் பலர் மதித்திலர். நாற்பது வயது இளையவரான மக்ஸ்வெல்லே அதனைக் கணிதத்தில் வடித்தார். 1857 இல் அவருக்கு எழுதிய கடிதத்தில், கணித முடிவுகளைத் தம் போன்றாரும் உணருமாறு எளிய மொழியில் தரலாகாதா என முதியவர் பணிவுடன் வினவினார்.

பிற நிலையங்களுக்கு ஆலோசனை கூறிப் பெரும்பொருள் ஈட்டிய அவர், 1831 இன் பின் அவ்வருவாயிற் பெரும்பகுதியைக் கைவிட்டார். சேர் பட்டத்தை ஏற்றிலர். றோயல் சங்கத் தலைமையை இருமுறை மறுத்தார். 1840 ஐ அடுத்த ஆண்டுகளில் தலைச்சுற்றும் மறதியும் வருத்த, ஆய்வை விட்டிருந்தார். மனைவி சாராவே துணை. 1845 இல் மீண்டெழுந்து, காந்தம் ஒளியையுந் திரிக்கும் எனக் கண்டார்.

இங்கிலாந்தின் வெளிச்சவீடுகளைப் பேணும் சபைக்கு அவர் அறிவுரையாளராயிருந்தார். 1858 இல் டோவரை அடுத்த தென்போலந்து வெளிச்சவீட்டில், காந்தமுஞ் சுருளுங் கொண்ட பொறியால் மின்விளக்கு ஏற்றிச் சோதிக்கப்பட்டது. 1860 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அதனைப் பார்வையிடச் சென்றபோது பனி வீழ்ந்து பாதை மூடிவிட்டது. அறுபத்தெட்டு வயதினரான அவர், வேலிகளையும் மதில்களையும் ஏறிக் கடந்து வயல்வழியே நடந்து சென்று அவ்விளக்கைக் கண்டார்.

1867 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25 ஆம் திகதி, அரசியார் உதவிய ஹம்ரன் கோட்டு இல்லத்தில் நாற்காலியில் அமர்ந்தவாறே உயிர் நீத்தார். அவர் விருப்பப்படி ஹைகேற் மயானத்தில் ஆரவாரமின்றி அடக்கஞ் செய்தனர். அவர் சுற்றிய இரும்பு வளையம் றோயல் நிறுவனத்தில் உள்ளது. நூலும் துணியும் இன்னும் அதன்மேற் காணப்படுகின்றன.