மைனஸ் 30.5

லீவுக்கு எடப்பாடி வந்தப்போ டீயைக் குடிச்சுக்கிட்டே இந்தக் கணக்கைப் போட்டேன். குளுக்கோஸ்ல பாஸ்பேட் ஒட்ட, மோலுக்கு பிளஸ் 13.8 கிலோஜூல், தானா நடக்காது. ஏடிபி உடைஞ்சா மைனஸ் 30.5. கூட்டினா மைனஸ் 16.7. சமநிலை மாறிலி 0.004-லிருந்து 840-க்குத் தாவுது!

அந்த ஏடிபியைத் தசையிலிருந்து பிரிச்சவங்கள்ல ஒருத்தர் மெட்ராஸ்ல படிச்ச எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ல பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிக்குலேஷன் மூணாவது தடவைதான் பாஸ் (அரியர் நண்பர்கள் கவனிக்க). மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் கதர் உடுத்தியதால் சர்ஜரி பேராசிரியருக்குக் கோபம். எம்பிபிஎஸ் கிடைக்கலை, அதுக்குக் கீழான எல்எம்எஸ் பட்டம்தான்.

1923-ல பாஸ்டன் போனார். ஆஸ்பத்திரியில் நைட் வேலை, பகலில் ஹார்வர்டு. 1925-ல ஃபிஸ்கேவோட சேர்ந்து, நீல நிறத்தை வெச்சு பாஸ்பரஸை அளக்கும் முறையைக் கண்டுபிடிச்சார். அதே முறையோட தசைக்குள்ள தேடினப்போ, 1927-ல பாஸ்போகிரியேட்டின் கிடைச்சுது, 1929-ல ஏடிபி. ஜெர்மனியில் லோமனும் அதே வருஷம் தனியா கண்டுபிடிச்சார்.

செல் ஆற்றலைக் கைமாத்துறது ஏடிபி வழியாத்தான்னு 1941-ல லிப்மன் விளக்கி எழுதினார். அதுக்கு முந்தின வருஷமே, ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்காம, சுப்பாராவ் லெடர்லே மருந்துக் கம்பெனிக்குப் போயிட்டார். 1948-ல நியூயார்க்கில் இறந்தார், வயசு 53. ஃபிஸ்கே–சுப்பாராவ் முறையில் பாஸ்பேட்டை இன்னைக்கும் அளக்குறாங்க.