பழ மரத்துக்கும் பாக்டீரியா காய்ச்சல் வருமா? நிரூபித்துக் காட்டிய எர்வின் ஸ்மித் யார்?

ராயபுரத்தை ஒட்டிய துறைமுகத்தில் வெளிநாட்டு ஆப்பிள் இறங்கணும்னா, பெட்டியோடு தாவர சுகாதாரச் சான்றிதழும் வரணும். பழத்தோடு நோய்க்கிருமி வந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். ஆனால், 130 வருஷத்துக்கு முன்னாடி பாக்டீரியாவால் செடிக்கு நோய் வரும் என்பதையே பல விஞ்ஞானிகள் நம்பவில்லை. அந்த எண்ணத்தை மாற்றியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் எர்வின் ஸ்மித்.

1854-ல் நியூயார்க் மாகாணத்தில் பிறந்த ஸ்மித், 1886-ல் அமெரிக்க வேளாண் துறையில் சேர்ந்தார். முதல் வேலையே கஷ்டமானது. பீச் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த மஞ்சள் நோய்க்குக் காரணம் கண்டுபிடிக்கணும். நோயுள்ள மரத்தின் மொட்டை ஒட்டுக்கட்டினால் நல்ல மரத்துக்கும் நோய் தொற்றும் என்று காட்டினார். கிருமி மட்டும் சிக்கவே இல்லை.

ஜெர்மனியோடு மோதல்

செடிக்குள் பாக்டீரியா நோய் உண்டாக்காது என்று அடித்துச் சொன்னார் ஜெர்மன் விஞ்ஞானி ஆல்ஃபிரட் ஃபிஷர். 1899 முதல் 1901 வரை இருவரும் ஆய்விதழில் மோதிக்கொண்டார்கள். ஸ்மித் நம்பியது லேப் வேலையை. நோயுள்ள செடியிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்து, வேறு கிருமி கலக்காமல் தனியாக வளர்க்கணும். அதை நல்ல செடிக்குள் செலுத்தினால் அதே நோய் வரணும். அந்தச் செடியிலிருந்தும் அதே பாக்டீரியா கிடைக்கணும். ராபர்ட் கோக் மனித, விலங்கு நோய்களுக்கு வகுத்த வழி இது. வாதத்தில் ஸ்மித் ஜெயித்தார்.

1907-ல் டவுன்சென்டுடன் சேர்ந்து, செடிகளில் கட்டி உண்டாக்கும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். பீச் போன்ற பழ மரங்களையும் தாக்கும் கிருமி இது. செடியின் செல்லுக்குள் தன் டிஎன்ஏவையே அது நுழைக்கிறது என்பது 1977-ல்தான் தெரிந்தது. இன்று மரபணு மாற்றுப் பயிர் உருவாக்க அதே பாக்டீரியாதான் உதவுகிறது.

எலுமிச்சை சொறி

பெண் விஞ்ஞானிகளுக்கு வாய்ப்பு அரிதான காலத்தில், 20-க்கும் மேற்பட்ட பெண்களை ஸ்மித் வேலைக்கு எடுத்தார். அவர்களில் ஒருவரான கிளாரா ஹாஸே, எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களின் சொறி நோய்க்கு பாக்டீரியாதான் காரணம் என்று 1915-ல் நிரூபித்தார். 1827-31 காலகட்டத்தில் இந்தியாவில் சேகரித்த பழைய இலைகளிலும் அந்தச் சொறி இருந்தது பின்னாளில் தெரியவந்தது.

1927-ல் ஸ்மித் இறந்தார். பீச் மஞ்சள் நோய்க்கான விடையை அவர் பார்க்கவில்லை. செல் சுவரே இல்லாத பாக்டீரியா வகையான ஃபைட்டோபிளாஸ்மாதான் காரணம். அந்த வகையை ஜப்பான் விஞ்ஞானிகள் 1967-ல்தான் அடையாளம் கண்டார்கள். சாதாரண லேப் உணவில் அது வளராது. அதனால்தான் வளர்த்துப் பார்க்கும் வழியில் அது ஸ்மித்திடம் சிக்கவில்லை.

ஆப்பிள், பேரி மரங்களைக் கருக வைக்கும் பாக்டீரியாவுக்கு எர்வினியா என்று பெயர். அது இந்த எர்வினின் பெயர்தான்.