ரெஃபரன்ஸ் நம்பர் ஒன்

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் முதல் ரெஃபரன்ஸ்: ரோசன்பிளாட், 1958. சீனியர்ஸ் ரிப்போர்ட்டிலிருந்து நாங்க எடுத்தது. அவங்களும் அதுக்கு முந்தின பேட்ச்கிட்டயிருந்து எடுத்திருப்பாங்க. செகண்ட் ரிவ்யூவில் பேனல்ல இருந்த மேடம், யார் இந்த ரோசன்பிளாட்னு கேட்டாங்க. நாலு பேரும் தரையைப் பார்த்தோம். அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து தேட ஆரம்பிச்சதுதான் இந்தக் கட்டுரை.

ஃபிராங்க் ரோசன்பிளாட் 1928 ஜூலை 11-ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்து 1956-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். எதில் தெரியுமா? உளவியலில். நம்ம சிலபஸில் முதல் யூனிட்டாக வரும் பெர்செப்ட்ரான் வெளிவந்ததும் சைக்கலாஜிக்கல் ரிவ்யூ என்ற உளவியல் இதழில்தான். மூளை எப்படி ஒரு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்குது என்பதுதான் அவரோட கேள்வி. மெஷின் அதுக்கு ஒரு வழி, அவ்வளவுதான்.

விஷயம் ரொம்ப எளிமை. உள்ளே வரும் ஒவ்வொரு சிக்னலுக்கும் ஒரு வெயிட். பெருக்கிக் கூட்டணும். ஒரு அளவைத் தாண்டினா ஆமாம், இல்லேன்னா இல்லை. பதில் தப்பானா வெயிட்டைக் கொஞ்சம் மாத்தணும். இன்னிக்கு பைத்தானில் பத்து வரியில் முடிஞ்சிடும். 1958-ல் அதை ஐபிஎம் 704 கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினார்கள். இடப்பக்கம் குறியிட்ட அட்டை எது, வலப்பக்கம் குறியிட்ட அட்டை எது என்று ஐம்பது முயற்சியில் அது தானாகக் கற்றுக்கொண்டது.

அதுக்கப்புறம் கட்டின மார்க் 1 மெஷின்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. வரிசைக்கு இருபதாக இருபது வரிசை, மொத்தம் 400 ஒளி உணரும் செல்கள் அதன் கண். வெயிட் எல்லாம் ஃபர்ஸ்ட் இயர் லேபில் நாம திருகின அதே பொட்டென்ஷியோமீட்டர்கள். அவற்றைத் திருப்ப சின்னச் சின்ன மோட்டார்கள். அந்த மெஷின் கத்துக்குதுன்னா, உண்மையிலேயே மோட்டார் சுத்துற சத்தம் கேட்கும்! ட்ரெயினிங் லாஸ் குறையுறதை ஸ்கிரீனில் பார்க்கும் நமக்கு இது கொஞ்சம் பொறாமையா இருக்கு.

பணம் கொடுத்தது அமெரிக்கக் கடற்படை. பத்திரிகைகள் பெரிசா எழுதின. இது நடக்கும், பேசும், தன்னையே உணரும் என்கிற அளவுக்கு நியூயார்க் டைம்ஸில் செய்தி வந்தது. அட்டையில் இடது வலது பார்த்த மெஷினுக்கு இது ரொம்ப ஓவர். அந்த எதிர்பார்ப்பை ஏத்திவிட்டதில் ரோசன்பிளாட்டுக்கும் பங்கு உண்டு.

1969-ல் மார்வின் மின்ஸ்கியும் சீமோர் பேப்பர்ட்டும் பெர்செப்ட்ரான் பற்றியே ஒரு புத்தகம் போட்டார்கள். மின்ஸ்கி, ரோசன்பிளாட் படித்த அதே பள்ளியில் ஒரு வருஷம் சீனியர். ஒரே அடுக்கு பெர்செப்ட்ரானால் சில விஷயங்களைக் கத்துக்கவே முடியாது என்று அதில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நமக்குத் தெரிஞ்ச உதாரணம் எக்ஸார் கேட். அந்த நாலு புள்ளியை ஒரு நேர்க்கோட்டால் பிரிக்க முடியாது, பேப்பரில் வரைஞ்சு பாருங்க. இந்தத் துறைக்கு வந்துகொண்டிருந்த பணமும் ஆட்களும் வற்றியதுக்கு அந்தப் புத்தகமும் ஒரு காரணம்.

யூட்யூப் வீடியோக்களில் மின்ஸ்கியை வில்லனாக்கிடுறாங்க. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கணக்கு சரியான கணக்கு. ரோசன்பிளாட்டே 1962-ல் எழுதிய புத்தகத்தில் தன் மெஷினின் குறைகளைச் சொல்லியிருந்தார். பல அடுக்கு வெச்சுப் பார்க்கலாம், பிழையைப் பின்னாடி அனுப்பலாம் என்கிற யோசனையும் அதிலேயே இருந்தது. ஆனா எல்லா அடுக்குக்கும் சரியா வேலை செய்யுற ட்ரெயினிங் முறை அவர்கிட்ட இல்லை. அவரோட நியூரான் ஆமாம் இல்லை என்று படியாக ஏறும். அதில் டெரிவேட்டிவ் எடுத்தா ஒண்ணும் கிடைக்காது.

அவர் வேற வேலைகளுக்குப் போனார். பழகின எலியின் மூளைச் சாற்றை இன்னொரு எலிக்கு ஏற்றினால் ஞாபகமும் சேர்ந்து போகுமா என்று சோதித்தார். மற்றவர்கள் பெரிசாகச் சொன்ன அளவுக்கு அப்படி எதுவும் போகவில்லை என்பதே முடிவு. வீட்டுக்குப் பின்னாடி மேட்டில் டெலஸ்கோப் வைத்து ஒரு வானாய்வுக் கூடமும் கட்டினார்.

1971 ஜூலை 11. அவருடைய 43-வது பிறந்தநாள். செசபீக் விரிகுடாவில் பாய்மரப் படகு விபத்தில் இறந்துபோனார். அப்போ அவர் பெயர், தோத்துப்போன ஒரு ஐடியாவோட சேர்ந்த பெயர்.

பேக்ப்ராபகேஷனைப் பிரபலமாக்கிய நேச்சர் பேப்பர் 1986-ல்தான் வந்தது. படிக்குப் பதிலா வழவழப்பான வளைவு போட்டதும் டெரிவேட்டிவ் கிடைச்சது. இன்னிக்கு 1958 பேப்பரை மேற்கோள் காட்டியவை பத்தாயிரத்தைத் தாண்டிடுச்சு. அதில் எத்தனை பேர் எங்களை மாதிரி திறக்காமலே போட்டாங்களோ!

பேப்பர் மொத்தம் 23 பக்கம். போன வாரம் படிச்சேன், பாதி புரிஞ்சுது. ரிப்போர்ட் நாளைக்கு பைண்டிங்குக்குப் போகுது. அவரை நம்பர் ஒன்னிலேயே விட்டுட்டோம். நாங்க படிக்காத மத்த ஆறு ரெஃபரன்ஸை எடுத்துட்டோம்.